தாளுக்கு ஒரு சாமி

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பதில் அவனுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் உலக சமயங்கள் படித்தோம். பி.ஏ. பட்டம்தான். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பது அருப்புக்கோட்டை தாலுகாவில் எங்கள் இருவரைத் தவிர யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நான் சேர்ந்த காரணம் சாதாரணமானது. பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு மற்ற துறைகளில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் அப்படி வந்தவன் இல்லை. நல்ல மார்க். அருப்புக்கோட்டை பஜாரில் அவன் அப்பாவுக்குப் பெரிய பாத்திரக்கடை. வணிகவியல் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார வேண்டியவன், வேண்டுமென்றே இதைத் தேர்ந்தெடுத்து வந்தான். வகுப்பில் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் என்னைப் போல ஒதுங்க இடமில்லாமல் வந்தவர்கள்.

சனிக்கிழமை ஊருக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் எங்கள் பாஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைப் படித்தால் பூசாரி வேலையா பாதிரியார் வேலையா என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் நிதானமாக, "ரெண்டு பேருக்கும் அவுக வேலை என்னன்னு சொல்லிக் கொடுக்கிற வேலைண்ணே" என்றான். கண்டக்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

முதல் செமஸ்டரில் பௌத்தமும் சமணமும் இருந்தன. பௌத்தம் தொடங்கிய வாரம் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் போல என்று ஹாஸ்டலில் அறைக்கு அறை விசாரித்தார்கள். அவனோ கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். அடுத்து சமணம். பொழுது சாய்ந்த பின் சாப்பிடக் கூடாது என்பதற்காக மெஸ் சமையல்காரரை ஐந்து மணிக்கே தனக்கு மட்டும் சோறு வடிக்க வைத்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயரும் அந்த மனிதர் இரண்டு மாதம் தூங்காமல் வடித்தார். எறும்பு மிதிபடாமல் பார்த்து நடந்தவன் கண்ணில் அவர் படவில்லை. பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் எல்லோரும் புரோட்டாக் கடைக்குப் போனோம். முதல் ஆளாக அவன்தான் கோழிக்கறி சொன்னான்.

எந்தத் தாள் நடக்கிறதோ அந்தச் சாமிக்கு ஆளாகிவிடுவான். தாள் முடிந்தால் சாமியும் முடிந்தது.

இதெல்லாம் நடிப்புதானே என்று ஒருநாள் கேட்டேன். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் என்னை எரிச்சல்படுத்தும் விஷயங்களில் ஒன்று. உள்ளே போகாமல் வாசலில் நின்று எழுதினால் அது வேடிக்கை பார்த்தவன் எழுதியது என்றான். அப்படியானால் உனக்கு எதில்தான் நம்பிக்கை என்றேன். "நான் எதையும் மறுக்கலைடா" என்றான். பெரிய மனது போலத் தெரியும் இந்தப் பேச்சு. எங்கள் ஊரில் முடிவெட்டும் ஒருவர் இருந்தார். சாமி கிடையாது என்று கடையில் எழுதி மாட்டியிருந்தார். அதனால் பெண் கொடுக்க ஆள் வரவில்லை, கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. அவரை நான் மதித்தேன். எதையும் மறுக்காதவனுக்கு அப்படி எந்த நஷ்டமும் வருவதில்லை.

இஸ்லாம் தாள் நடந்த வருடம் நோன்பு மாதமும் கூடவே வந்தது. வீரசோழன் என்ற ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரை எப்படியோ பிடித்துவிட்டான். சனி ஞாயிறுகளில் அவர் வீட்டில்தான் இருப்பான். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனான். அவர் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவது போலவே அவரை "அத்தா" என்று கூப்பிட்டான். அந்தப் பெரியவருக்கு அதில் ஒரு பூரிப்பு. கையை எப்படிக் கட்டுவது, எங்கே குனிவது, எங்கே நெற்றியைத் தரையில் வைப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தை அவன் கையில் முதலில் கொடுத்துவிட்டுத்தான் தன் கிண்ணத்தை எடுத்தார். அவன் ஒரு வேளைகூட ஏமாற்றாமல் முப்பது நாளும் நோன்பு இருந்தான். அதைச் சொல்லியாக வேண்டும். என்னால் ஒரு நாள் இருக்க முடிந்திருக்காது.

பரீட்சை முடிந்தது. அவன் வீரசோழன் பக்கம் போவதை நிறுத்தினான். ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று அந்தப் பெரியவர் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சைவ சித்தாந்தம் தொடங்கிவிட்டிருந்தது. நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் உருத்திராட்சமுமாக அவன் அறையிலிருந்து வெளியே வந்தான். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "வாங்க அத்தா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னான். அவர் அவன் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நல்லா இருக்கீகளா தம்பி" என்றார். அதுவரை அவனை "நீ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு, பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போனார். அன்று பூராவும் நாங்கள் அந்தப் பேரீச்சம்பழத்தைத் தின்றோம். நானும்தான் தின்றேன்.

அவன் வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஆடி மாதம் அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேனில் போனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கருவேலங்காட்டு நடுவில் ஒரு பீடம், அதன்மேல் நட்டுவைத்த ஒரு கல். வெயிலில் அவன் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் புகை. அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தி, எதற்காகச் சேவல் என்று தன் அம்மாவையே கேட்டான். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒனக்கு அஞ்சு வயசுல காய்ச்சல் கண்டு பேச்சு மூச்சில்லாமக் கெடந்தேடா. அப்ப நேந்துக்கிட்டது" என்றார். அவன் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினான். பிறகு அந்த நோட்டை நான் பார்த்தேன். "நேர்த்தியின் காரணம்: குழந்தையின் நோய்" என்று இருந்தது. அந்தக் குழந்தை யார் என்று எழுதவில்லை. அவனுக்கு அது தேவையான தகவலாகப் படவில்லை போலும்.

இப்படிப்பட்டவனை என் வீட்டுக்குக் கூட்டிப்போனது நான்தான்.

என் அப்பா திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தார். குருவானவர் மாதத்துக்கு ஒரு முறை அருப்புக்கோட்டையிலிருந்து வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற எல்லாம் அப்பாதான். மணி அடிப்பது, ஆராதனை நடத்துவது, சைக்கிளில் ஏழெட்டு ஊருக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பது, பிரேதத்துக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பது. ஓடு போட்ட சின்னக் கோயில், அதை ஒட்டியே சபை கொடுத்த வீடு. நான் அந்த மணிச் சத்தத்திலேயே வளர்ந்து, அந்த மணிச் சத்தம் கேட்டால் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்ளும் ஆளாக ஆகியிருந்தேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். மூளைக் காய்ச்சலில் ஏழு வயதில் இறந்துபோனான். அப்போது எனக்குப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் சொன்னதில்லை. அப்பா அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல ஆராதனை நடத்தினார். சபையார் அதை ஒரு பெரிய சாட்சியாகப் பல வருடம் பேசினார்கள்.

மூன்றாம் வருடம் ஆளுக்கு ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டும். அவன் கிறிஸ்தவ கிராமச் சபை ஒன்றைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லி, அரையாண்டு லீவுக்கு என்னோடு வந்துவிட்டான். வந்த மறுநாளே விடியக்காலை எழுந்து மணி அடித்தான். அப்பா கீர்த்தனையை ஆரம்பித்தால் இவன் இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டான். அப்பா சைக்கிளை எடுத்தால் இவன் பின்னால் ஏறிக்கொண்டான். நான் போர்வைக்குள் கிடந்தேன். "கூடப் படிக்கிற பிள்ளையைப் பாரு" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

பத்து நாள் ஆனதும் தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பரீட்சை முடியட்டும் தம்பி. முடிஞ்ச பெறகும் தோணுச்சுன்னா கேளுங்க" என்றார். அப்பாவை எளிதாக ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. பரீட்சைக்குப் பிறகு அவன் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் அறிக்கை துறையிலேயே முதலாவதாக வந்தது. நான் பழைய சபை மலர்களைப் பார்த்து எழுதிய முப்பது பக்கத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடையதை பைண்டு போட்டுத் துறை நூலகத்தில் வைத்தார்கள். அப்போதும் நான் அதை எடுத்துப் படிக்கவில்லை. எங்கள் ஊரைப் பற்றி இவன் எனக்கு என்ன சொல்லப்போகிறான் என்ற எண்ணம். எம்.ஏ. படிக்க வந்திருந்த ஒரு குருவானவர்தான் முதலில் எடுத்துப் படித்தார். படித்துவிட்டு என்னைத் தேடி வந்து, இது உங்கள் அப்பாதானே என்று ஒரு பக்கத்தைக் காட்டினார்.

பெயர் போடவில்லை. "திருச்சுழிக்குத் தெற்கே உள்ள கிராமத்து உபதேசியார், வயது ஐம்பத்திரண்டு, இளைய மகனை நோயில் இழந்தவர்" என்று போட்டிருந்தான். அந்தத் தாலுகாவில் அப்படி ஒரே ஒருவர்தான். அதற்குக் கீழே அப்பாவின் பேச்சு, அப்பா பேசுவது போலவே: "சபைக்காக ஜெபம் பண்றேன் தம்பி. வாயி பண்ணுது. அவன் போன நாள்ல இருந்து நான் பண்ணலை. அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு கேட்டதுதான் நான் கடைசியாக் கேட்டது."

அந்தப் பக்கத்தை நான் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாத விஷயம்.

அவனை ஹாஸ்டல் குழாயடியில் பிடித்தேன். சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். அடிக்கத்தான் போனேன். அவன் ஈரக்கையோடு எழுந்து, "ஒங்கப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதலையேடா. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கேன்னு படிச்சியா" என்றான். உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. அறிக்கையிலேயே நன்றாக எழுதப்பட்ட பகுதி அதுதான் என்பதும் உண்மை. அடிக்கப் போன நான் கேட்டது வேறு.

"எங்கப்பா எப்ப ஒங்கிட்டச் சொன்னாரு?"

"சைக்கிள் பஞ்சராகி நரிக்குடி ரோட்டுல நடந்து வந்தோம்ல, அன்னிக்கு. நான் கேட்டேன். சொன்னாரு."

அவ்வளவுதான். இவன் கேட்டிருக்கிறான். அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து அப்பாவை அருப்புக்கோட்டைக்கு வரச் சொல்லிச் சபையிலிருந்து ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். அருப்புக்கோட்டைக் குருவானவர் நல்ல மனிதர், அப்பாவோடு பல வருடம் பழகியவர். அவர் பக்கத்தில் இருந்த மூன்று கமிட்டிக்காரர்கள் அப்படியில்லை. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். குருவானவர் அப்பாவுக்கு ஒரு வழி திறந்துவிட்டார். படிக்கிற பையன்கள் மார்க்குக்காக இட்டுக்கட்டி எழுதுவார்கள், இதுவும் அப்படித்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றார். தாளும் பேனாவும்கூட மேசைமேல் இருந்தன.

அப்பா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. "நான் சொன்னதுதான் ஐயா. அந்தப் பையன் ஒன்னையும் கூட்டிச் சொல்லலை" என்றார்.

ஜெபிக்காதவர் எப்படிச் சபையை நடத்த முடியும் என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார். அப்பாவே அந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வேலையிலிருந்து விலக்கினார்கள். வீட்டைக் காலிசெய்ய ஒரு மாதம் அவகாசம்.

விஷயம் தெரிந்ததும் அவன் சும்மா இருந்திருக்கலாம். சபைக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினான். ஐயம் என்பது எல்லாச் சமயங்களிலும் பக்தியின் வாசல் என்று ஐந்து சமயங்களிலிருந்து மேற்கோள் காட்டி நிரூபித்திருந்தான். அதைப் படித்த ஒரு கமிட்டிக்காரர், "இப்ப உபதேசியாருக்குப் புத்தர் வேற சிபாரிசுக்கு வந்துட்டாராக்கும்" என்றாராம். கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் அந்தக் கடிதத்தோடு போயிற்று.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிகள் ஓடும் ஒரு சந்தில் வீடு பிடித்தோம். அம்மா ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றினாள். அப்பா ஒரு பஞ்சு ஆலையில் பகல் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். இருபத்தைந்து வருடம் பிரசங்கம் செய்த மனிதர் லாரிக்குக் கேட்டைத் திறந்து மூடினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் திட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்தபோது, அந்தப் பி.ஏ.வை வைத்துத்தான் பரீட்சை எழுத முடிந்தது என்பதை மட்டும் ஒரு முறை நினைவுபடுத்தினார்.

அவன் மேலே போனான். எம்.ஏ., பிறகு ஏதோ ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லா ஊரிலும் ஒருவரை ஒருவர் பயந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நல்லிணக்கக் கூட்டம் போட்டார்கள். மேடையில் நாலு நாற்காலி. மூன்றில் மூன்று சமயத்துப் பெரியவர்கள். நாலாவதில் அவன். மூன்று பேருக்கும் தங்களுக்கு எது கூடாது என்று தெரியும். நாலாவது நாற்காலிக்குக் கூடாதது என்று ஒன்றுமே இல்லை. மற்ற மூவரும் தட்டுத் தடுமாறிப் பேசினார்கள். அவன் பேசியபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து என்னைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஐயா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டான். இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் பையும் கையில் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தன. அப்பா அப்போது வேலையை விட்டிருந்தார். சர்க்கரையில் ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு எதற்கு வந்தான் என்று கேட்டேன். பிஎச்.டி. பண்ணுவதாகச் சொன்னான். துக்கத்துக்குப் பிறகு வழிபாடு நின்றுபோனவர்களைப் பற்றிய ஆய்வாம். அன்றைக்கு ஐயாவிடம் கேட்டதை இன்றைக்கும் கேட்க வேண்டுமாம்.

"நீ ஒரு தடவை கேட்டதுக்குத்தான் இந்தச் சந்துல வந்து கெடக்கோம்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திரும்பிப் போயிருப்பான் என்றே நினைக்கிறேன். உள்ளேயிருந்து அப்பா, "அந்தத் தம்பியா? வரச் சொல்லுப்பா" என்றார்.

தறிச் சத்தம் இரைச்சலாக இருக்கிறது என்று அப்பா கதவைச் சாத்தச் சொன்னார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். உள்ளே பேச்சு நடப்பது தெரிந்தது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அம்மா காப்பி கொண்டுபோனாள், வந்தாள். அவன் வெளியே வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. அந்த வெயிலில் யார் முகம்தான் நனையவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். மரியாதைக்காக இல்லை. அப்பா என்ன சொன்னார் என்று கேட்பதற்காக. ஜெபம் திரும்பி வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்பாவிடம் நேராகக் கேட்க அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

"சொல்லக்கூடாதுடா. உள்ள பேசுனது உள்ளேயே இருக்கணும். இப்ப அதுதான் முறை" என்றான்.

"நான் அவரு மகன்."

"மகன்கிட்டயும்தான்."

நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். தாலுகாவுக்கே தெரியும்படி எழுதியவன், மகனிடம் ரகசியம் காக்கிறான். ஒரு குடும்பத்தை வீடுமாற்றிவிட்டுக் கற்றுக்கொண்ட ஒழுக்கம். அவன் மதுரை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் கிளம்பும் வரை மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அப்பாவிடம் எப்படியோ ஆரம்பித்து, அவன் என்ன கேட்டான் என்றேன். "சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு அவன் வரவில்லை. வெளிமாநிலத்தில் ஏதோ கருத்தரங்கு என்று தந்தி வந்தது.

மூன்று வருடத்துக்குப் பிறகு தபாலில் ஒரு கனமான புத்தகம் வந்தது. அவன் ஆய்வு, அச்சாகியிருந்தது. உள்ளே "அன்புடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். முன்னுரையில், பேசியவர்களின் பெயர், ஊர், தொழில், சமயம், இழந்த உறவு எல்லாம் யாரும் கண்டுகொள்ள முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதாகச் சொல்லியிருந்தான். இந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்திருந்தான். நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவைத் தேடினேன். பேசியவர்கள் இருபதுக்கும் மேல். கழித்துக் கழித்து மூன்று பேரில் வந்து நின்றேன். மகளை இழந்த ஒரு பனையேறி சொல்கிறார்: இப்போது கும்பிட முடிகிறது, ஆனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மனைவியை இழந்த ஒரு பூசாரி, மணி அடிக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்கிறார். ஒரு தையல்காரர் மட்டும், அவரும் என்னிடம் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை, இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்கிறார். மூன்று பேருமே அப்பா மாதிரி இருந்தார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தார் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் மூன்றையும் படித்துக் காட்டி, இதில் எது அப்பா என்று கேட்டேன். ராட்டையை நிறுத்திவிட்டு மூன்றையும் கேட்டாள்.

"இதுல அவுக இல்லை" என்றாள். "அவுக அன்னிக்கு ஒன்னுமே சொல்லலையேடா."

ரெண்டு மணி நேரம் பேசினார்களே என்றேன்.

"நான் ரெண்டு தடவை உள்ள போனேன். ரெண்டு தடவையும் அந்தத் தம்பிதான் பேசிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாந் தடவை போனப்ப அழுதுக்கிட்டு இருந்துச்சு. அவுக அதோட கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாக. அந்த டேப்புப் பொட்டியத் தொடவே இல்லை."

எதற்கு அழுதான், என்ன சொன்னான் என்று கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும், டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீ கேட்கவில்லையே என்றாள்.

ஆக, பஸ் ஸ்டாண்டில் அவன் காத்த ரகசியம் அப்பாவுடையது இல்லை. எதையும் மறுக்காத, எதையும் இழக்காத அந்த மனிதனுக்கு, அழுதுகொண்டு சொல்வதற்கு என்ன இருந்திருக்கும் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவன்மேல் எனக்கு உள்ள இளக்காரம் அதனால் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை வைத்திருப்பதுதான் முன்னைப் போல வசதியாக இல்லை.

அம்மா ராட்டையை மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டு, "அந்தத் தம்பிக்கு ஒரு லெட்டர் போடு. ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

சரி என்றேன். இன்றுவரை போடவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், போட்டுவிட்டேன், அவனிடமிருந்துதான் பதில் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.